ரிசப்ஷன் மேடைக்கு 8 அடி பூ வளையம்: துணிப்பூவில் செய்த விதம்

சித்திரை மாத வரவேற்பு, ஏ.சி. இல்லாத மண்டபம். மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மேடை விளக்குகள் எரியும். அசல் ரோஜாவை மதியமே குத்தி வைத்தால், கூட்டம் சேரும் நேரத்தில் இதழோரம் கறுத்துத் தலை தொங்கிவிடும். அதனால் மேடையின் பின்னணிக்குத் துணிப்பூ என்று முடிவானது. மாலை மாற்றவும் சாமிக்கும் அசல் பூதான், அதில் மாற்றமில்லை.

துணிப்பூ போலியாகத் தெரிந்தால் எல்லோரும் துணியைக் குறை சொல்வார்கள். உண்மையில் கொத்திலிருந்து எடுத்த வடிவிலேயே எல்லாப் பூவும் ஒரே அளவு விரிந்து, ஒரே பக்கம் பார்த்து, ஒரே நிறத்தில் நிற்பதுதான் காட்டிக்கொடுக்கிறது. இந்த வேலையின் நேரத்தில் பாதிக்கு மேல் முதல் பூவைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே செலவானது. அவசரப்படுகிறவர்கள் அந்தப் பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடையில் சில்க் பூ என்று கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். சூட்டில் இளகும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். சாதாரணச் சாயம் ஏறாது. நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும். கீழே சொல்லப்போகும் செய்முறை முழுக்க இந்த மூன்று குணங்களைச் சுற்றித்தான்.

நிறம் பார்ப்பது

மணப்பெண்ணின் புடவை வெங்காயத்தோல் நிறப் பட்டு, தங்க ஜரிகை, அரக்கு முந்தி. பூ வாங்கப் போகும்போது புடவையின் புகைப்படத்தை நம்பக் கூடாது. ஒவ்வொரு போனும் அந்த நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். பிளவுஸ் வெட்டிய மிச்சத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் பெரும்பாலும் வெள்ளை டியூப் வெளிச்சம்தான். அதில் பொருந்துகிற இளஞ்சிவப்பு, மேடையின் மஞ்சள் வெளிச்சத்தில் பொருந்தாமல் போகும். ஒரு பூவையும் துணித் துண்டையும் சேர்த்து வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, 3000 கெல்வின் வார்ம் ஒயிட் எல்.இ.டி. பல்புக்குக் கீழே ஒரு முறை பார்த்துவிட்டு மொத்தமாக எடுங்கள். பேட்டரியில் எரியும் சின்ன வார்ம் பல்பு ஒன்று பையில் இருந்தால் போதும்.

பளீர் வெள்ளையைத் தவிர்த்தோம். வெள்ளைப் பாலியஸ்டரில் வெண்மையைக் கூட்டச் சேர்க்கும் வேதிப்பொருளால், பகல் வெளிச்சத்திலும் ஃப்ளாஷிலும் அது நீலம் பாய்ந்து தெரியும். போட்டோவில் இதழ் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாகப் போய்விடும். சந்தன நிறம்தான் கேமராவுக்கு உகந்த வெள்ளை. சாட்டின் துணி ரோஜாவும் வேண்டாம். இதழ் ஒவ்வொன்றும் விளக்கைத் திருப்பி அடிக்கும். மங்கல் துணியாகப் பாருங்கள்.

ரோஜா 60: சந்தனம் 34, வெங்காயத்தோல் 18, அரக்கு 8. அரக்கு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 20 அடி தள்ளி நின்று பார்க்கும்போது அடர்நிறப் பூ பூவாகத் தெரியாது, அந்த இடத்தில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். அதனால் இரண்டு மூன்றாகச் சேர்த்து, சுற்றிலும் வெளிர்நிறம் வைத்து, நடுப்பகுதியில் மட்டும் கொடுத்தோம். விளிம்பில் ஒன்றுகூட இல்லை.

சட்டமும் அளவும்

வளையம் 8 அடி விட்டம். சுற்றளவு 25 அடிக்குச் சற்று மேல். ஒரு அங்குல எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புக் குழாய், சுவர்த் தடிமன் 1.6 மி.மீ. அதைவிட மெல்லிய குழாய் வளைக்கும்போதே நசுங்கும், பூ ஏறியதும் முறுக்கிக்கொள்ளும். முழு வட்டமாக வெல்டு வைத்தால் எந்த வண்டியிலும் போகாது. நான்கு கால் வட்டங்களாகச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டும் முனைக்கு முனை 5 அடி 8 அங்குலம் வரும், குட்டி யானையில் தாராளமாகப் போகும். இணைப்புக்கு உள்ளே நுழையும் 6 அங்குலத் துண்டுக் குழாய், குறுக்கே 6 மி.மீ. போல்ட். உள்குழாய் லொடலொடவென்று இருந்தால் வட்டம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றி இறுக்கமாக்கிக்கொள்ளலாம். வளையத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகவே தெரியும் என்பதால் பெயின்டில் கஞ்சத்தனம் கூடாது. ஜரிகைக்கு ஒத்த மங்கல் தங்கம் இரண்டு கோட்.

பூ எங்கே இருக்க வேண்டும் என்பதை மணமக்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. வளையத்தின் அடி மேடையிலிருந்து அரை அடி உயரம். கடிகார முள் கணக்கில் சொன்னால், 5 மணி முதல் 7 மணி வரையான பகுதியைச் சோபா மறைக்கும். அங்கே பூ வைப்பது பணத்தை மறைத்து வைப்பதற்குச் சமம். 9 மணி முதல் 12 மணி வரை ஒரு பெரிய வீச்சு, அதற்கு எதிர்ச்சீராக 3 மணி முதல் 4 மணி தாண்டி ஒரு சிறிய கொத்து. பெரிய வீச்சின் கனமான இடம் 10.30 மணி; மேடையிலிருந்து ஏழேகால் அடி உயரம் வரும். நெட்டையான மாப்பிள்ளையின் தலைக்கும் மேலேதான் நிற்கும், போட்டோச் சட்டத்துக்குள்ளும் வரும்.

பூவை நேரடியாக வளையத்தில் கட்டவில்லை. ஒரு அங்குலக் கண் வெல்டு மெஷ் என்னும் கம்பி வலையை 2 அடி நீளம், 9 அங்குல அகலமாக வெட்டி, வளையத்தின் வளைவுக்கே வளைத்து, இலைப்பச்சை ஸ்ப்ரே அடித்தோம். பெரிய வீச்சுக்கு மூன்று தட்டி, சிறியதற்கு இரண்டரை அடியில் ஒன்று. பட்டறையிலேயே பூ முழுக்க ஏற்றிவிட்டு, மண்டபத்தில் கேபிள் டை போட்டு மாட்டினால் போதும். வெட்டிய மெஷ் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். முனைகளைப் பின்பக்கமாக மடக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பூக்கடை ஃபோம் வேண்டாமா என்று கேட்பார்கள். பச்சை நிற ஃபோம் தண்ணீரில் ஊறவைத்து அசல் பூ குத்துவதற்கானது. உலர்ந்த நிலையில் கம்பித் தண்டைக் குத்தினால் துளை அகன்று, பொடியாக உதிர்ந்து, தண்டு ஆடும். தெர்மாகோல் எடுத்தால் அதற்கு வேறு தொல்லை: ஹை டெம்பரேச்சர் குளூ கன் அதை உருக்கிக் குழியாக்கும், ரப்பர் சொல்யூஷன் வகைப் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் அரித்துத் தின்னும். மேசைமேல் வைக்கும் சின்னத் தொட்டி அலங்காரத்துக்குத் தெர்மாகோலும் ஃபெவிகாலும் சரிப்படும். தலைக்கு மேலே தொங்குகிற வேலைக்குக் கம்பியும் மெஷ்ஷும்தான்.

எத்தனை பூ

தட்டிகளின் பரப்பை மட்டும் எடுத்தால் கணக்கு குறைந்துவிடும். பூ முன்னே துருத்தி நிற்பதால் பக்கவாட்டையும் மூட வேண்டும். பெரிய வீச்சு 6 அடி நீளம், சராசரி 1¼ அடி அகலம். சிறியது 2½ அடி, 1 அடி. கூட்டினால் 10 சதுர அடி. பக்கவாட்டுக்காக 1.3 ஆல் பெருக்கினால் 13. இதில் ஏறக்குறைய 57 சதவீதம் பூ, மிச்சம் இலையும் இடைவெளி நிரப்பும் ஃபில்லரும் என்று வைத்தோம். அதற்கு மேல் பூவை அடைத்தால் பூக்கடைச் சுவர் மாதிரி தட்டையாகிவிடும்.

வாங்கியது: 13 செ.மீ. அகலமுள்ள பியோனி, டாலியா வகைப் பெரிய பூ 14, 9 செ.மீ. ரோஜா 60, 5 செ.மீ. சின்ன ரோஜாவும் ரனன்குலஸும் 60. யூகலிப்டஸ் கிளை 30. அடர்பச்சை இலைக்கிளை 20. ஃபில்லருக்கு ஜிப்சி என்னும் பொடிப் பூ 20 கிளை. எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதல். இந்தக் கூடுதல் கட்டாயம். ஒரே கடையில் ஒரே பெயரில் அடுத்த வாரம் வாங்கினாலும் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

ஒரு ரோஜாவைத் தயார் செய்வது

பையிலிருந்து எடுத்த ரோஜா நசுங்கி, ஒரு பக்கம் மடிந்து கிடக்கும். முதலில் பின்பக்கத்துப் பச்சைப் புல்லியைப் பிடித்து மெல்ல இழுத்தால் தலை தண்டிலிருந்து கழன்று வரும். ஒட்டியிருக்காது, ஒரு பிளாஸ்டிக் முளையில் வெறுமனே அழுத்திச் செருகியிருப்பார்கள். மேடையில் பூத்தலை கழன்று விழுவதற்கு இதுதான் காரணம். கழற்றிப் பார்த்தால் நான்கைந்து துணி அடுக்குகள், நடுவில் துளையோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோர்த்திருக்கும். பெரும்பாலும் இதழ்மேல் இதழ் நேராக உட்கார்ந்திருக்கும். அசல் ரோஜாவில் அப்படி வராது. இரண்டாவது அடுக்கைக் கொஞ்சம், மூன்றாவதை இன்னும் கொஞ்சம் திருப்பி, இதழ் இடைவெளியில் இதழ் வரும்படி வைத்தாலே பூவின் முகம் மாறிவிடும். அடியில் ஒரு சொட்டுப் பசை, திரும்பவும் முளையில் அழுத்தம், புல்லி மேலே ஏறினால் முடிந்தது. இதழோரத்தில் பிசிர் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். லைட்டரால் பொசுக்கினால் வெளிர்நிறத்தில் பழுப்புக் கோடு விழும்.

அடுத்து ஆவி. துணிக்கு அடிக்கும் கையடக்க ஸ்டீமர் போதும். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து 5 முதல் 8 விநாடி. பாலியஸ்டர் 70, 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளக ஆரம்பிக்கும். சூடு இருக்கும்போதே வடிவம் கொடுத்து, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். பலர் ஆவி காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். பழைய சுருக்கத்துக்கே போய்விடும். இஸ்திரிப்பெட்டி நேராகப் பட்டால் துணி பளபளத்துவிடும், அப்புறம் சரிசெய்ய வழியில்லை. ரப்பர் மாதிரி தொடும் ஃபோம் ரோஜாவுக்கு ஆவியே கூடாது, சுருண்டுவிடும்.

60 ரோஜாவில் 15 மொட்டு, 30 பாதி விரிந்தது, 15 முழுக்க விரிந்தது. மொட்டுக்கு வெளி அடுக்கு ஒன்றை எடுத்துவிட்டு, ஆவி காட்டி, உள்ளங்கையில் குவித்து, ஆறும் வரை நூல் சுற்றி வைக்கலாம். முழு மலர்ச்சிக்கு வெளியிதழ்களைப் பென்சிலில் பின்பக்கமாகச் சுருட்டி, நடுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நிறத்தைக் கூட்ட டீத் தண்ணீரில் முக்குவது பருத்திக்குச் சரி. பாலியஸ்டரில் பிடிக்காது, இதழுக்குக் கொடுத்த கஞ்சியும் போய்த் துவண்டுவிடும். சாஃப்ட் பேஸ்டல் கட்டியைப் பொடியாகச் சுரண்டி, மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, சந்தன ரோஜாவின் அடியில் இளம்பச்சையும் சிலவற்றின் ஓரத்தில் வெங்காயத்தோல் நிறமும் தடவினோம். எல்லாப் பூவிலும் செய்யக் கூடாது, மூன்றில் ஒன்று போதும். மேலே மேட் வார்னிஷ் ஸ்ப்ரே, 30 செ.மீ. தள்ளி, திறந்த வெளியில். பிளாஸ்டிக் இலைகளின் மினுமினுப்பும் அதே ஸ்ப்ரேயில் அடங்கும்.

கம்பி, டேப், பசை

கொத்துப் பூக்களின் தண்டு குட்டையாகவும் கிளைத்தும் இருக்கும். தனித்தனியாக வெட்டிக் கம்பி சேர்க்க வேண்டும். தண்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் கத்தரி வாய் போய்விடும். கட்டிங் பிளேயர் எடுங்கள். பெரிய பூவுக்கு 18 கேஜ், ரோஜாவுக்கு 22, சின்னப் பூவுக்கு 26. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். தண்டோடு இரண்டு அங்குலம் ஒட்டி வைத்து, 12 மி.மீ. ஃப்ளோரல் டேப்பைச் சாய்வாகச் சுற்ற வேண்டும். அந்த டேப் சுருளில் இருக்கும்போது ஒட்டாது. மெழுகு பூசிய காகிதம் அது. இழுத்து நீட்டினால்தான் பிசுபிசுப்பு வெளியே வரும். ஒட்டவே இல்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் இழுக்காமல் சுற்றியவர்கள்.

குளூ கன் பசையை மட்டும் நம்பி எந்தப் பூவையும் தொங்கவிடாதீர்கள். சாதாரணப் பசைக் குச்சி 60 டிகிரியைத் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு வரும். பட்டறையில் கல் மாதிரி இருந்த பூ மண்டபத்தில் பெட்டிக்கு அடியில் கிடக்கும். கம்பி தாங்க வேண்டும். பசை ஆடாமல் பிடிக்க மட்டும். பசை இழுத்த நூலாம்படையை ஹேர் டிரையரின் சூட்டில் ஒரு நொடி காட்டினால் சுருங்கி மறையும்.

வெட்டுவாயில் தெரியும் இரும்பு கடற்கரை ஊர்களில் சீக்கிரம் துருப்பிடித்துச் சந்தனப் பூவில் பழுப்புக் கறை வைக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு பொட்டு நகப்பாலிஷ் வைத்தால் தீர்ந்தது.

தட்டியில் ஏற்றுவது

மேசையில் படுக்கவைத்து அடுக்காதீர்கள். மேசையில் மேலிருந்து பார்க்கிறோம். மண்டபத்தில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேசையில் அழகாக இருந்தது மாட்டியதும் பச்சைப் புல்லியும் மெஷ்ஷுமாகத் தெரியும். தட்டியைச் சுவரில் உண்மையான உயரத்தில் மாட்டி, ஏணியில் நின்று வேலை செய்து, அடிக்கடி இறங்கித் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் இலை. வெளிவிளிம்பின் உருவம் இலையிலேயே வந்துவிட வேண்டும். பூவால் உருவம் கொண்டுவரப் பார்த்தால் பூ போதவே போதாது. பிறகு 14 பெரிய பூக்கள், அவற்றில் 9 கனமான இடத்தைச் சுற்றி, ஒரே கோட்டில் வராமல். அப்புறம் ரோஜா, சின்னப் பூ, கடைசியில் ஜிப்சி. ஒவ்வொரு தண்டையும் மெஷ்ஷின் இரண்டு வெவ்வேறு கம்பிகளில் சுற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் சுற்றினால் பூ தன் எடைக்குக் கீழே திரும்பித் தரையைப் பார்க்கும்.

ஆழம் மூன்று: மெஷ்ஷிலிருந்து 2, 4, 6 அங்குலம். முழுக்க விரிந்தவை உள்ளே, பாதி விரிந்தவை நடுவே, மொட்டுகள் வெளியே துருத்தி. முகமும் மூன்று: ஒரு பங்கு நேராக, ஒரு பங்கு பக்கவாட்டில், ஒரு பங்கு சற்றுக் கீழ்நோக்கி. வீச்சின் இரண்டு முனைகளிலும் கடைசி 8 அங்குலத்தில் இலையும் சின்னப் பூவும் மட்டும். பெரிய பூவில் போய் முடித்தால் வெட்டிவிட்டது மாதிரி இருக்கும்.

ஏற்றியபின் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எங்கே கறுப்புத் திட்டு, எங்கே வெள்ளைக் கும்பல் என்பது நிறம் இல்லாதபோது உடனே தெரியும். பின்பக்கமும் இலை போட்டு மூடுங்கள். வீடியோக்காரர் பக்கவாட்டில் வருவார்.

மண்டபத்தில்

மூன்று தட்டிகள் சேரும் இடத்தில் இரண்டு கோடு தெரியும். அதை மறைக்க 12 பூவும் 8 இலைக்கிளையும் ஏற்றாமல் தனியாகக் கொண்டுபோனோம். ஒவ்வொரு தட்டிக்கும் 200 மி.மீ. கேபிள் டை நான்கு. இடதுபக்கம் மட்டும் கனமாக இருப்பதால் வளையம் சாயப் பார்க்கும்: வளையத்தைத் தாங்கும் ஒவ்வொரு காலிலும் 15 கிலோ மணல் மூட்டை, 11 மணி இடத்திலிருந்து பின்னால் உள்ள சட்டத்துக்கு ஒரு மெல்லிய கம்பிக் கட்டு. வளையத்தைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காத கல்யாணம் கிடையாது.

லைட்காரரோடு முன்கூட்டியே பேசுவது அவசியம். மெஜந்தா விளக்கை வளையத்தின்மேல் போட்டால் சந்தனம் முழுக்க ரோஸ் ஆகும், இலை கறுக்கும். நீலத்தில் அரக்கு கறுப்பாகிவிடும். வளையத்தில் வார்ம் ஒயிட் மட்டும், கலர் வேண்டுமானால் பின்திரையில்.

நெருப்பு விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். மேடையில் பொறி கக்கும் மெஷின் வைப்பதாக இருந்தால் வளையத்திலிருந்து 10 அடிக்குக் குறையாமல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வைக்க இடமில்லை என்றால் அது வேண்டாம் என்று வீட்டாரிடம் நேராகச் சொல்லிவிடலாம். குத்துவிளக்கும் பூவுக்கு அடியில் வரக் கூடாது. அதே மேடையில் விடிந்தால் முகூர்த்தம், ஹோமம் வளர்ப்பார்கள். இரவே தட்டிகளை அவிழ்த்து வளையத்தையும் எடுத்துவிட்டோம். கேபிள் டை என்பதால் வெட்டி இறக்க அதிக நேரம் பிடிக்காது.

வாசனைக்காகத் துணிப்பூவில் சென்ட் அடிப்பதுண்டு. எண்ணெய்க் கறை விழும், தூசியும் ஒட்டும். சோபாவுக்கு இருபுறமும் பித்தளை உருளியில் உதிரி மல்லிகை வைத்தால் மேடை முழுக்க மணக்கும். அசல் பூவைத் துணிப்பூவின்மேல் நேராகத் தொங்கவிடாதீர்கள். ஈரச் சாமந்தி வெளிர் இதழில் மஞ்சளாக இறங்கிவிடும்.

மிஞ்சிய சின்னப் பூக்களில் ஜடைக்கு ஒரு பட்டை செய்யலாம். பக்ரம் என்னும் விறைப்பான துணி 2 அங்குல அகலம், ஜடை நீளத்துக்கு. பூக்களைத் தண்டில்லாமல் வெட்டி, நெருக்கமாகத் தையல் போட வேண்டும். பசையால் ஒட்டினால் விறைத்து ஜடையோடு வளையாது, முதுகிலும் குத்தும். 150 கிராமுக்கு மேல் போனால் ஊசிகள் தாங்காமல் பட்டை நழுவும்.

எடுத்து வைக்கும்போது தட்டிகளை அட்டைப்பெட்டியில் படுக்கவைக்காமல், பெட்டியின் மேல்பக்கம் குறுக்கே ஒரு குச்சி கொடுத்துத் தொங்கவிடுங்கள். அரக்குப் பூக்களை மட்டும் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். ஈரக்காற்றில் அடர்சிவப்பு பக்கத்துப் பூவில் இறங்கும். தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலோ, ஹேர் டிரையரின் குளிர்காற்றாலோ தட்டலாம், தண்ணீர் வேண்டாம். ஜன்னல் வெயில் படாத இடமாக வையுங்கள். அடுத்த விசேஷத்துக்கு எடுக்கும்போது திரும்பவும் ஒரு சுற்று ஆவி காட்டிவிட்டு, எல்லாத் தலைகளையும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஆடுவது எதுவோ அதை அங்கேயே பசை வைத்து இறுக்கிவிடலாம்.